மலையில் செக்யூரிட்டி வேலை: லைசென்ஸ் யாருக்கு, சான்றிதழ் யாருக்கு?

குன்னூர் பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றால் போதும், தெரிந்த பையன் ஒருவன் வந்து கேட்டுவிடுவான்: "அண்ணா, செக்யூரிட்டி லைசென்ஸ் எடுக்க எவ்வளவு ஆகும்? ஒருவர் மூவாயிரம் கேட்கிறார்." ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று பல ஆண்டுகள் ஆட்களை டூட்டிக்குப் போட்ட ஃபீல்டு ஆபீசர் என்பதால் என்னிடம் இந்தக் கேள்வி வருகிறது. நான் சொல்லும் பதில் ஒன்றுதான். அந்த மூவாயிரத்தை வீட்டில் கொடு. காவலாளி தன் பெயரில் எடுக்க வேண்டிய லைசென்ஸ் என்று நம் நாட்டில் எதுவும் கிடையாது.

தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம், 2005 என்பதுதான் இந்தத் தொழிலுக்கான சட்டம். 2006 மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்தது. தொழிலில் இருப்பவர்கள் 'பசாரா' என்பார்கள். லைசென்ஸ் வாங்க வேண்டியது ஏஜென்சி, அதாவது காவலர்களைப் பிறருக்கு அனுப்பிச் சம்பாதிக்கும் நிறுவனம். லைசென்ஸ் இல்லாமல் ஏஜென்சி நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காவலாளிக்குச் சட்டம் சொல்வது தகுதியை மட்டும்: வயது, நடத்தை, பயிற்சி, உடல்நிலை. இந்த நான்குக்கும் சான்று இருந்தால் ஏஜென்சி உங்களுக்குப் புகைப்பட அடையாள அட்டை தரும். பஸ் நிலையத்தில் விற்கப்படும் 'லைசென்ஸ் கார்டு' லேமினேஷன் செய்த அட்டையே தவிர வேறொன்றும் இல்லை.

எஸ்டேட் துரையோ காட்டேஜ் முதலாளியோ உங்களை நேரடியாக வாட்ச்மேனாக வைத்துக்கொண்டால் அது வேறு கணக்கு. அங்கே இடையில் ஏஜென்சி இல்லை. இந்தக் கட்டுரை ஏஜென்சி மூலம் போகிறவர்களுக்கானது.

முதலில் அவர்களைச் சோதியுங்கள்

எல்லோரும் தலைகீழாகச் செய்வது இதைத்தான். ஆதார் நகல், போட்டோ, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் என்று கையில் கட்டோடு ஏஜென்சி அலுவலகத்துக்குள் போய்ப் பவ்யமாக நிற்கிறார்கள். நீங்கள் சான்றிதழைக் காட்டும் முன்னால் அவர்கள் தங்கள் லைசென்ஸைக் காட்ட வேண்டும். அலுவலகத்தில் எல்லோர் கண்ணுக்கும் படும் இடத்தில் அதை மாட்டிவைக்க வேண்டும் என்பது சட்டம். சுவரில் சாமி படமும் காலண்டரும் மட்டும் இருந்தால் கேட்டுவிடுங்கள்.

மாட்டியிருந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று தேதி. லைசென்ஸ் ஐந்தாண்டுக்குத்தான் செல்லும். இரண்டாவது, மலையில் இருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது, மாவட்டம். ஒரு மாவட்டத்துக்கு மட்டும் என்றால் கட்டணம் 5,000 ரூபாய், ஐந்து மாவட்டம் வரை 10,000, மாநிலம் முழுவதற்கும் 25,000. கோயம்புத்தூருக்கு மட்டும் லைசென்ஸ் வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் வழியாக மலையேறி வந்து ஆள் எடுப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஏப்ரல், மே சீசன் நெருங்கினால் இவர்கள் அதிகம். காட்டேஜுக்கும் பார்க்கிங்குக்கும் நாளைக்கே ஆள் வேண்டும் என்பார்கள், பயிற்சி பற்றிப் பேச்சே இருக்காது. சீசன் முடிந்த மறுவாரம் அவர்களுடைய போன் அணைந்திருக்கும், கடைசி மாதச் சம்பளம் அதற்குள் இருக்கும். லைசென்ஸில் 'நீலகிரி' என்ற பெயரோ மாநிலம் முழுவதும் என்ற சொல்லோ இருக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் ஆகாது.

முன்னாள் ராணுவத்தினருக்கு இன்னொரு வாசலும் உண்டு. ராணுவ மையம் இருக்கும் வெலிங்டன் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு ஓய்வுபெற்ற படைவீரர் இருக்கும் ஊர்களைப் பார்க்கலாம். அவர்கள் தனியார் ஏஜென்சியைத் தேடும் முன் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயர் பதிந்து, முன்னாள் படைவீரர்களுக்கான தமிழ்நாடு அரசு நிறுவனமான டெக்ஸ்கோ மூலம் வேலை உண்டா என்று கேட்பது நல்லது. தனியார் ஏஜென்சிகளும் படைவீரர், காவல்துறையினர், ஊர்க்காவல் படையினருக்கு முன்னுரிமை தரலாம் என்று சட்டமே சொல்கிறது.

வயது, பெயர், முகவரி

18 வயது முடிந்திருக்க வேண்டும், 65 ஆகியிருக்கக் கூடாது. படிப்பு பற்றிச் சட்டம் பெரிதாகக் கேட்பதில்லை. ஆனால் ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று விதி கேட்கிறது. இதைக் கேட்டு மிரளாதீர்கள். ஆங்கிலம் பேசச் சொல்லவில்லை. அடையாள அட்டையில் உள்ள பெயரையும் வண்டி எண்ணையும் பார்த்து எழுதத் தெரிந்தால் போதும். டி.என். 43 நம் ஊர் வண்டி, கே.எல். 12 வயநாடு, கே.ஏ. 09 மைசூரு என்று ஒரு வாரம் சாலையோரம் நின்று எழுதிப் பழகினாலே கை வந்துவிடும்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தகராறு வருவது பெயரிலும் முகவரியிலும். பள்ளி மாற்றுச் சான்றிதழில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு, ரேஷன் அட்டையில் அப்பா பெயரே வேறு எழுத்துக்கூட்டல். லயத்து வீடு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு, மாறியிருப்பீர்கள், பழைய எண்தான் ஆதாரில் நிற்கும். போலீஸ்காரர் விசாரிக்க வந்தால் அந்த எண்ணில் வேறொரு குடும்பம் இருக்கும். வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே பக்கத்து இ-சேவை மையத்தில் ஆதார் முகவரியைத் திருத்திக்கொள்ளுங்கள். தொடங்கிய பிறகு திருத்தினால் விசாரணை மறுபடி முதலிலிருந்து.

போலீஸ் விசாரணை

நடத்தைச் சரிபார்ப்பு என்பது இதுதான். உங்கள் மீது வழக்கு, தண்டனை எதுவும் உண்டா என்று உள்ளூர்க் காவல் நிலையம் பார்த்துச் சொல்ல வேண்டும். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் காவல் சரிபார்ப்புச் சேவை என்று ஒரு பகுதி இருக்கிறது. வேலைக்கான சரிபார்ப்பை அதில் நீங்களே விண்ணப்பிக்கலாம், ஏஜென்சியும் உங்களுக்காக விண்ணப்பிக்கலாம். யார் செய்தாலும் விண்ணப்ப எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று பார்க்க அது வேண்டும்.

இங்கே மறைக்கக் கூடாத ஒன்று, நீங்கள் வெளியூரில் இருந்த காலம். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனியிலோ கோவை மில்லிலோ இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள். அந்த முகவரிகளையும் எழுதிவிடுங்கள். 'பிறந்ததிலிருந்து கோத்தகிரிதான்' என்று எழுதிவிட்டு, பி.எஃப். கணக்கில் திருப்பூர் கம்பெனி தெரிந்தால் உங்கள் பேச்சு முழுவதையும் சந்தேகப்படுவார்கள்.

நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவரை ஏஜென்சி எடுக்கக் கூடாது. படையிலோ காவல்துறையிலோ அரசுப் பணியிலோ வேறு ஏஜென்சியிலோ ஒழுங்கீனத்துக்காக வேலைநீக்கம் செய்யப்பட்டவரையும் எடுக்கக் கூடாது. வழக்கு நடந்துகொண்டிருப்பது தண்டனை ஆகாது. ஆனால் அதை நீங்களாகச் சொல்வதும் அவர்களாகக் கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல.

உடல்

மத்திய அரசின் மாதிரி விதிகள் கேட்பது: ஆண்களுக்கு உயரம் 160 செ.மீ., பெண்களுக்கு 150 செ.மீ. ஆண்களுக்கு மார்பு 80 செ.மீ., மூச்சை இழுத்தால் இன்னும் 4 செ.மீ. விரிய வேண்டும். பெண்களுக்கு மார்பளவு கிடையாது. தூரப்பார்வை 6/6, கண்ணாடி போட்டு அந்த அளவு வந்தாலும் சரி. நிறக்குருடு இருக்கக் கூடாது. காது நன்றாகக் கேட்க வேண்டும். தட்டைப்பாதம், முட்டிக்கால் தட்டுதல் கூடாது. ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிடத்தில் ஓட வேண்டும்.

ஓட்டத்தைப் பார்த்து ஊட்டிப் பையன்கள் சிரிப்பார்கள். 7,000 அடிக்கு மேலே தினமும் பள்ளிக்கூடத்துக்கு ஏறி இறங்கியவனுக்குச் சமவெளி மைதானத்தில் ஆறு நிமிடம் பெரிய காரியம் இல்லை. கீழேயிருந்து வேலைக்காக மேலே வந்தவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். வந்த முதல் வாரமே ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்காதீர்கள், மூச்சு பழகட்டும். நான் பார்த்தவரை நம் ஆட்கள் தோற்பது கண் சோதனையில். நாற்பது வயது தாண்டியவர்கள் கண்ணாடி போடுவதை அவமானமாக நினைத்து அது இல்லாமல் வந்து நிற்பார்கள். கண்ணாடியோடு வரலாம் என்று விதியே இடம் தருகிறது. முதலில் அரசு மருத்துவமனையில் கண்ணைக் காட்டிவிட்டு வாருங்கள்.

வேலையில் சேர்ந்த பிறகும் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை உண்டு. அது ஏஜென்சியின் பொறுப்பு.

பயிற்சி: நூற்றறுபது மணி நேரம்

வகுப்பறையில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம், குறைந்தது 20 வேலை நாட்களில். முன்னாள் படைவீரருக்கும் முன்னாள் காவலருக்கும் சுருக்கப் பயிற்சி: 40 மணி நேரம் வகுப்பு, 16 மணி நேரம் களம், குறைந்தது ஏழு நாள். முடித்தால் சான்றிதழ். இந்தச் சான்றிதழ்தான் உங்கள் கையில் நிற்கும் ஆவணம். ஏஜென்சி மாறினாலும் கூட வருவது இதுதான், எனவே ஏஜென்சியிடம் நகலைக் கொடுத்துவிட்டு அசலை வீட்டில் வையுங்கள். அசல் சான்றிதழை 'பாதுகாப்புக்காக' வாங்கி வைத்துக்கொள்ளும் ஏஜென்சியிடம் நகல் மட்டும்தான் தருவேன் என்று சொல்லிவிடுங்கள்.

மலையில் பயிற்சி நிலையத்தைத் தேடுவது அலைச்சல். பெரும்பாலும் கோவைக்கு இறங்க வேண்டியிருக்கும். இருபது நாள் தங்கும் செலவு, சாப்பாடு, அந்த நாட்களின் கூலி எல்லாம் போகும். சேரும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி: செலவு யாருடையது? காவலர்களுக்குப் பயிற்சி கிடைப்பதை உறுதி செய்ய வேண்டியது ஏஜென்சி என்று சட்டம் சொல்கிறது. இதை எடுத்துச் சொல்லிப் பேசுங்கள். குறைந்தபட்சம் தங்குமிடமாவது கிடைக்கும்.

பாடங்களில் தீயணைப்பு, முதலுதவி, கூட்டத்தைக் கையாளுதல், அடையாள அட்டை சரிபார்த்தல், வெடிபொருளை அடையாளம் காணுதல், காவல் நிலையத்தில் புகார் பதியும் முறை, தற்காப்பு உரிமை எல்லாம் உண்டு. துப்பாக்கிப் பயிற்சி விருப்பப்பாடம். ஆயுதச் சட்டப்படியான உரிமம் தனிக்கதை. புதிதாக வருகிறவர்கள் அதை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

ஒரு பாடத்தை மட்டும் தூங்காமல் கேளுங்கள்: பிடிக்கும் உரிமை. காக்கிச் சட்டை மாதிரி ஏதோ போட்டதும் சிலருக்குத் தாங்களே போலீஸ் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. காவலாளிக்குச் சாதாரணக் குடிமகனுக்கு உள்ள அதிகாரம்தான். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, உங்கள் கண் முன்னால் ஒருவர் ஜாமீனில் வெளிவர முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றத்தைச் செய்தால் பிடிக்கலாம். பிடித்தால் தாமதமில்லாமல், ஆறு மணி நேரத்துக்குள், போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். தோட்டத்தில் விறகு பொறுக்கிய பாட்டியை அறையில் பூட்டி வைத்துவிட்டு முதலாளி வரும்வரை காத்திருந்த ஒரு காவலாளியை எனக்குத் தெரியும். விசாரணை கடைசியில் அவன் மீதுதான் வந்தது.

சீருடையும் ஜெர்கினும்

விதியில் சீருடைக்கு வேண்டியவை: ஏஜென்சியை அடையாளம் காட்டும் கைப்பட்டை, பதவியைக் காட்டும் பேட்ஜ், கயிற்றில் கோத்து இடது பாக்கெட்டில் வைத்த விசில், நாடா கட்டும் ஷூ, தொப்பி. கூடவே ஒரு நோட்டும் பேனாவும். அடையாள அட்டையை உடுப்பின் வெளிப்புறத்தில் தெரியும்படி மாட்ட வேண்டும். சமவெளியில் இது ஒரு விஷயமே இல்லை. இங்கே சட்டைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் ஜெர்கின், ஜூலை மழையில் அதற்கும் மேல் ரெயின்கோட். அட்டை உள்ளே எங்கோ கிடக்கும். யாராவது கேட்டால் நான்கு பட்டன் கழற்ற வேண்டும். நீளமான கழுத்துப்பட்டையில் பிளாஸ்டிக் உறை போட்டு, எந்தத் துணி மேலே வந்தாலும் அதற்கு வெளியே எடுத்து விட்டுக்கொள்ளுங்கள்.

குளிருக்கு நம்மவர்கள் செய்யும் ஒரு தவறு உண்டு. பழைய ராணுவ ஜெர்கின் இங்கே சுலபமாகக் கிடைக்கும். மாமாவோ சித்தப்பாவோ கொடுத்திருப்பார். டிசம்பர் உறைபனியில் அதைப் போல எதுவும் சூடு தராது. ஆனால் டூட்டியில் ராணுவம், விமானப்படை, கடற்படை, காவல்துறைச் சீருடையையோ அதைப் போலத் தோற்றம் தரும் உடையையோ போட்டால், போட்டவருக்கும் ஏஜென்சி முதலாளிக்கும் ஓராண்டு வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று அதே 2005 சட்டம் சொல்கிறது. சாதாரண ஜெர்கின் கேளுங்கள். மலை டூட்டிக்கு ஜெர்கினும் ரெயின்கோட்டும் ஏஜென்சி தர வேண்டும் என்பதை வேலையில் சேரும்போதே பேசி முடித்துவிடுங்கள். பனி இறங்கிய பிறகு பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

எந்த பாயின்ட்?

பாயின்ட் என்றால் நீங்கள் நிற்கும் இடம். மருத்துவமனை, வங்கி, பள்ளி என்றால் கூட ஆள் இருக்கும். தனியாக நிற்கும் எஸ்டேட் பங்களா, ஆளில்லாத காட்டேஜ் என்றால் இரவு முழுவதும் நீங்கள் மட்டும்தான். 2017 ஏப்ரலில் கோத்தகிரி அருகே கொடநாடு எஸ்டேட்டுக்குள் நுழைந்த கும்பல் அங்கிருந்த காவலாளியைக் கொன்றதை இந்த மலையில் யாரும் மறக்கவில்லை. பெரிய இடத்தில் இரவு டூட்டி என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். கூட யார்? போன் சிக்னல் எங்கே கிடைக்கும்? சூப்பர்வைசர் எத்தனை மணிக்கு வருவார்? பதினைந்து காவலர்களுக்கு ஒரு சூப்பர்வைசர் என்பது மாதிரி விதியின் பொதுக் கணக்கு. ஆட்கள் வெவ்வேறு இடங்களில் சிதறி நிற்கும்போது ஆறு பேருக்கு ஒருவர் வேண்டும். நம் காட்டேஜ்களெல்லாம் சிதறிக் கிடப்பவைதான்.

சிக்னல் கிடைக்கும் இடத்தைப் பகலிலேயே நடந்து பார்த்துக் கண்டுபிடியுங்கள். அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, அருகில் உள்ள வனச்சரக அலுவலக எண், மூன்றையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

வன அலுவலகம் எதற்கு என்று கேட்பவர் கீழிருந்து வந்தவராக இருப்பார். கேட்டைத் தாண்டி முதலில் வருபவர் திருடன் அல்ல, காட்டெருமை. குன்னூரிலும் கோத்தகிரியிலும் கரடி வரும், எண்ணெய் வாசனைக்குக் கடைக் கதவையே பெயர்க்கும். கூடலூர், பந்தலூர் பக்கம் என்றால் யானை. எந்தப் பயிற்சி நிலையத்திலும் இதற்குப் பாடம் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை. காட்டெருமை நின்றால் கத்தாதீர்கள், கல் எறியாதீர்கள், விசில் ஊதாதீர்கள். அது போக வழி விட்டு, முதுகைக் காட்டாமல் பின்வாங்கிக் கதவுக்குள் போய்விடுங்கள். ரவுண்ட்ஸ் போகும்போது டார்ச்சைக் காலடியில் மட்டும் அடித்துக்கொண்டு போகாமல் பாதை வளைவில் நின்று முன்னால் அடித்துப் பார்த்துவிட்டு நடங்கள். 'இரவு 2.10, கேட் அருகே காட்டெருமை, ரவுண்ட்ஸ் போகவில்லை' என்று நோட்டில் எழுதினால் ஒரு சூப்பர்வைசரும் உங்களைக் குறை சொல்ல முடியாது.

இன்னொன்று, வாய். எந்தப் பங்களாவில் யார் வந்து தங்கினார், எந்த அறையில் பணம் இருக்கிறது என்பதை டீக்கடையில் பேசாதீர்கள். டூட்டியில் தெரிந்துகொண்டதை முதலாளியைத் தவிர வெளியாரிடம் சொல்லக் கூடாது என்பது சட்டத்திலேயே இருக்கிறது. வேலையை விட்ட பிறகும் அது பொருந்தும்.

சம்பளச் சீட்டு

கையில் எவ்வளவு வரும் என்று மட்டும் கேட்டுவிட்டுச் சேராதீர்கள். பி.எஃப்.புக்கு உங்களிடம் 12 சதவீதம் பிடித்தால் முதலாளியும் 12 சதவீதம் கட்ட வேண்டும். இ.எஸ்.ஐ.க்கு உங்களிடம் 0.75, அவர்களிடம் 3.25. மாதம் 21,000 வரை சம்பளம் உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. உங்கள் ஊதியம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 90, ஆக 1,530 ரூபாய் பிடித்தம். இதற்கு மேல் பிடித்தால் என்ன கணக்கு என்று எழுத்தில் கேளுங்கள். 'சீருடை', 'டெபாசிட்' என்ற பெயரில் மாதாமாதம் போவதைப் பலர் கவனிப்பதே இல்லை.

பிடிக்கிறார்கள், ஆனால் கட்டுகிறார்களா? யு.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். எண்ணை முதல் மாதமே வாங்கி, அரசின் உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். சீட்டில் பிடித்தம் இருந்து பாஸ்புக்கில் வரவு இல்லை என்றால் இரண்டு மாதத்துக்கு மேல் பொறுக்காதீர்கள்.

டூட்டி பன்னிரண்டு மணி நேரம் என்பது இந்தத் தொழிலில் வழக்கமாகிவிட்டது. வழக்கம் என்பதால் அது இலவசம் ஆகிவிடாது. எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு இரட்டிப்பு விகிதத்தில் ஓ.டி. உண்டு. உங்களை மாற்றிவிட வேண்டிய ரிலீவர் வரவில்லை என்று பஸ் போன பிறகும் நிற்க வைத்தால், எத்தனை மணிக்கு வந்தீர்கள், எத்தனை மணிக்கு விடுவித்தார்கள் என்பதை ரிஜிஸ்டரில் எழுதி, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் ஃபீல்டு ஆபீசராக இருந்தபோது இந்தப் படங்களைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது. அதனால்தான் சொல்கிறேன்.

வேலையை விடும்போது அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், கொடுத்ததற்கு ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அட்டை தொலைந்திருந்தால் உடனே ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பணி அனுபவச் சான்று கேட்டு வாங்குங்கள், அடுத்த ஏஜென்சி கேட்கும். பயிற்சிச் சான்றிதழின் அசல் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கடைசி நாள் டூட்டிக்குக் கிளம்புங்கள்.